இருட்டு மேடையில் ஐஎஸ்ஓ: புதிதாய்க் கேமரா பிடிப்பவர்களுக்கு

புதுக் கேமரா கைக்கு வந்தவுடன் பலரும் செய்கிற முதல் காரியம், தெரிந்த ஒருவர் சொன்னபடி ஐஎஸ்ஓ எண்ணை (விழும் வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டவேண்டும் என்று சொல்லும் எண்) 100இல் வைத்துவிட்டு அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிடுவது. ‘கூட்டினால் படத்தில் புள்ளி புள்ளியாய்க் கிரெயின்ஸ் வரும், தொடாதே’ என்பதுதான் புதியவர் காதில் விழும் முதல் உபதேசம். பகலில், வெளியில் எடுக்கும்வரை இதில் ஒரு குறையும் தெரியாது. வீட்டுப் பெண்ணின் பரதநாட்டிய அரங்கேற்றத்தன்று மாலைதான் வினை தொடங்கும். இருநூறு முந்நூறு படம் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தீற்றல், கை இருக்கவேண்டிய இடத்தில் இன்னொரு தீற்றல். கேமரா சரியில்லை, லென்ஸ் சரியில்லை என்று அடுத்த செலவுக்குக் கணக்குப் போட ஆரம்பிப்பார்கள். பெரும்பாலும் இரண்டுமே நன்றாகத்தான் இருக்கும்.

இந்தக் கட்டுரையில் மேடை நடனத்தையே முக்கிய எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். வெளிச்சம் குறைவு, ஆடுபவர் நிற்கவே மாட்டார், ஃபிளாஷ் அடிக்க அனுமதி கிடையாது. இங்கே சமாளித்துவிட்டால் கல்யாண மண்டபமும் கோயில் திருவிழாவும் எளிதாகிவிடும்.

அந்த எண் என்ன செய்கிறது

பிலிம் காலத்தில் கடையில் 100, 200, 400 என்று ரோல் கேட்டு வாங்குவோம். 400 ரோலுக்கு, 100 ரோலுக்குத் தேவைப்படும் வெளிச்சத்தில் நாலில் ஒரு பங்கு போதும். ஆனால் ஒன்றைப் போட்டுவிட்டால் 36 படமும் அதே எண்ணில்தான் எடுத்தாக வேண்டும். அமெரிக்காவின் ஏஎஸ்ஏ, ஜெர்மனியின் டின் என்று தனித்தனியாக இருந்த அளவுகளை 1974 முதல் ஐஎஸ்ஓ என்ற ஒரே குடையின்கீழ் கொண்டுவந்தார்கள். டிஜிட்டல் கேமராவில் ரோல் இல்லை. படத்துக்குப் படம் எண்ணை மாற்றலாம். இந்த வசதி இருந்தும் 100இலேயே உட்கார்ந்திருப்பது, என்னைக் கேட்டால், வீண்.

100, 200, 400, 800, 1600, 3200, 6400 என்று எண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் படம் ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, வெளிச்சமாகும். இடையில் 125, 160, 250, 320 போன்றவை மூன்றில் ஒரு ஸ்டாப் நகர்வுகள். தொடக்கத்தில் இடைப்பட்ட எண்களை மறந்துவிடுங்கள். இரட்டிப்புக் கணக்கு மனத்தில் பதிந்தால் போதும்.

எண்ணைக் கூட்டுவதால் சென்சாரின் (கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சில்லு) உணரும் திறன் உண்மையில் கூடுவதில்லை. விழுந்த வெளிச்சம் விழுந்ததுதான். அது மின்சாரமாக மாறிய பிறகு கேமரா அதைப் பெருக்கிக் காட்டுகிறது. மைக்கில் ஒருவர் மெதுவாகப் பேசுகிறார் என்று ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் கூட்டினால், பேச்சோடு சேர்ந்து பின்னால் கேட்கும் இரைச்சலும் பெரிதாகும் அல்லவா, அதே கதைதான். படத்தில் அந்த இரைச்சல் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. நாய்ஸ் என்றும் கிரெயின்ஸ் என்றும் சொல்வது இதைத்தான்.

புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. புள்ளிகள் வரக் காரணம் எண்ணைக் கூட்டியது என்று நினைக்கிறோம். பெரும்பகுதிக் காரணம் வெளிச்சம் போதாமைதான். ஒளி துகள் துகளாக வந்து விழுகிறது. ஓரிடத்தில் கொஞ்சம் கூடவும் பக்கத்து இடத்தில் கொஞ்சம் குறையவும் விழுவது அதன் இயல்பு. நிறையத் துகள் விழும்போது அந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சமாக விழும்போது அப்பட்டமாகத் தெரியும். கணக்காகச் சொன்னால், நாலு மடங்கு வெளிச்சம் கிடைத்தால் படத்தின் தெளிவு இரண்டு மடங்கு கூடும். ஆகவே மங்கலான மேடையில் ஐஎஸ்ஓ 400 வைத்து இருட்டாக எடுத்து, வீட்டில் கம்ப்யூட்டரில் மூன்று ஸ்டாப் ஏற்றினால் படம் சுத்தமாக வந்துவிடாது. அதே அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு), அதே ஷட்டர் வேகத்தில் (ஒளி உள்ளே விழும் நேரம்) ஐஎஸ்ஓ 3200 வைத்து எடுத்த படம் அதற்குச் சமமாக இருக்கும். பல கேமராக்களில் அதைவிட நன்றாகவே இருக்கும். ஒருமுறை நீங்களே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால், ‘தொடாதே’ என்ற உபதேசத்தின் பிடி தளர்ந்துவிடும்.

முதல் வேலை: பொத்தானைக் கண்டுபிடிப்பது

கேமராவின் தலையில் இருக்கும் வட்ட டயல் பச்சை நிற ஆட்டோவில் இருந்தால் ஐஎஸ்ஓ-வை உங்களால் மாற்ற முடியாது. கேமரா தன்னிஷ்டப்படி முடிவெடுக்கும். டயலை பி, ஏ, எஸ், எம் ஆகிய நான்கில் ஒன்றுக்குத் திருப்புங்கள். பி-யில் ஷட்டரையும் அபெர்ச்சரையும் கேமரா பார்த்துக்கொள்ளும், ஏ-வில் அபெர்ச்சர் உங்கள் கையில், எஸ்-ஸில் ஷட்டர், எம்-மில் இரண்டும். கேனானில் ஏ-வுக்குப் பதில் ஏவி என்றும், எஸ்-ஸுக்குப் பதில் டிவி என்றும் இருக்கும்.

பிறகு பொத்தான். கேனான் 200டி போன்றவற்றில் மேற்பக்கம், ஷட்டர் பொத்தானுக்கு அருகே ஐஎஸ்ஓ என்று எழுதிய பொத்தான் இருக்கும். 1500டி மாதிரியான தொடக்கநிலை கேமராக்களில் பின்பக்க நான்கு திசை விசைகளில் ஒன்று அந்த வேலையைச் செய்யும். சோனி ஏ6400, ஏ7 III ஆகியவற்றில் பின்பக்கச் சக்கரத்தின் வலப்புறத்தை அழுத்த வேண்டும். நிக்கான் டி7500இல் மேலே தனிப் பொத்தான். டி3500இல் ஐ பொத்தானை அழுத்தினால் திரையில் வரும் பட்டியலில் ஐஎஸ்ஓ இருக்கும். ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்-டி3, எக்ஸ்-டி4 போன்றவற்றில் எண்கள் பொறித்த தனி டயலே உண்டு. அணைத்து வைத்திருக்கும்போதுகூட எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

எந்தக் கேமராவாக இருந்தாலும் ஒரு பயிற்சி: வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், விரலால் தடவியே பொத்தானைக் கண்டுபிடித்து எண்ணை மாற்றப் பழகுங்கள். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே பழகலாம். அரங்கில் விளக்கை அணைத்த பிறகு ஃபோன் டார்ச்சைப் போட்டுப் பொத்தான் தேடினால் பின்வரிசை மாமா விடமாட்டார்.

மேடைக்கு முன்னால்: எண்ணை முடிவுசெய்யும் வரிசை

வரிசை இதுதான்: முதலில் ஷட்டர் வேகம், அடுத்து அபெர்ச்சர், கடைசியில் ஐஎஸ்ஓ. கடைசி என்பதால் அது முக்கியமில்லாதது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலிரண்டும் படத்தின் தோற்றத்தை முடிவுசெய்கின்றன. அவை வேண்டுமென்று கேட்கிற வெளிச்சத்தை, முகம் சுளிக்காமல் ஐஎஸ்ஓ ஈடுகட்ட வேண்டும்.

ஷட்டர் வேகத்தை முடிவுசெய்ய, எதிரில் இருப்பவர் எவ்வளவு வேகமாக அசைகிறார் என்று பாருங்கள். உட்கார்ந்து பாடுபவருக்கு 1/125 நொடி போதும். மிருதங்கக்காரரின் விரல்கள் தெளிவாக வேண்டுமென்றால் 1/500 வரை போக வேண்டியிருக்கும். நடனத்தில் அரைமண்டியில் ஒரு கணம் நிலைத்து நிற்கும்போது 1/125இலும் பிடிக்கலாம், ஜதிகளுக்கு 1/250, குதித்தெழும் கணத்துக்கு 1/500. உங்கள் கை ஆடுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. லென்ஸின் குவியத்தொலைவை (லென்ஸின்மேல் மிமீ-யில் எழுதியிருக்கும் எண்) ஒன்றுக்குக் கீழே போட்டு, ஏபிஎஸ்-சி சென்சார் (தொடக்கநிலை கேமராக்களில் வரும் சிறிய சென்சார்) கேமரா என்றால் அந்தக் கீழ் எண்ணை ஒன்றரை மடங்காக்குங்கள். 200 மிமீ லென்ஸுக்கு 1/300 வருகிறது. கேமராவில் அதற்கு அருகில் இருப்பது 1/320. லென்ஸிலோ கேமராவிலோ அதிர்வைக் குறைக்கும் வசதி இருந்தால் இதைவிட மெதுவாகவும் போகலாம். ஆனால் அந்த வசதி உங்கள் கையின் ஆட்டத்தை மட்டுமே தணிக்கும். ஆடுபவரின் அசைவை அது ஒன்றும் செய்யாது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஓரளவு நல்ல விளக்குள்ள ஒரு மேடை. உங்களிடம் இருப்பது கேமராவோடு வந்த 18–55 கிட் லென்ஸ். 55இல் நீட்டினால் அபெர்ச்சர் எஃப்/5.6-க்குமேல் திறக்காது (எஃப் எண் சிறிதாக ஆகத் திறப்பு பெரிதாகும்). ஐஎஸ்ஓ 100 என்றால் அந்த மேடையில் ஷட்டர் வேகம் 1/4 நொடி வரும் என்று வைத்துக்கொள்வோம். கால் நொடியில் ஆடுபவரின் கை ஒரு முத்திரையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும். எண்ணை 200 ஆக்கினால் 1/8. 400க்கு 1/15. 800க்கு 1/30. 1600க்கு 1/60. 3200க்கு 1/125. 6400க்கு 1/250. அதாவது ஜதியைப் பிடிக்க இந்த லென்ஸுக்கு ஐஎஸ்ஓ 6400 வேண்டும். தயங்காமல் வையுங்கள். புள்ளிகள் இருந்தாலும் கண்ணும் முத்திரையும் தெளிவாக இருக்கும் படத்தைக் குடும்பமே கொண்டாடும். தீற்றலாகிப்போன படத்தைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

அதே மேடை, அதே 1/250. லென்ஸ் மட்டும் எஃப்/2.8 ஆனால் ஐஎஸ்ஓ 1600 போதும். எஃப்/1.8 திறக்கும் 50 மிமீ லென்ஸ் இருந்தால் 640க்கு இறங்கிவிடும். புதுக் கேமராவுக்காகக் காசு சேர்ப்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: 50 மிமீ எஃப்/1.8 லென்ஸ் பல நிறுவனங்களில் மலிவான லென்ஸ்களில் ஒன்று. அது தருகிற மூன்றேகால் ஸ்டாப் ஆதாயத்தைக் கேமராவை மாற்றிப் பெற வேண்டுமானால் பெரும் பணம் ஆகும். ஜூம் கிடையாது என்பது மட்டும்தான் சிரமம். மூன்றாம் வரிசைக்குள் இடம் பிடிக்க வேண்டும்.

எல்இடி விளக்குகளால் ஒரு தொல்லை உண்டு. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அதில் எரியும் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது. 1/250, 1/500 என்று வைத்தால் கேமராவுக்குத் தெரியும்: ஒரு படம் வெளிச்சமாக, அடுத்தது மங்கலாக, சிலசமயம் குறுக்கே பட்டை பட்டையாக. நிகழ்ச்சி தொடங்குமுன் பத்துப் படம் தொடர்ந்து எடுத்துப் பாருங்கள். பட்டை தெரிந்தால் ஆன்டி-ஃபிளிக்கர் என்ற அமைப்பு உங்கள் கேமராவில் இருக்கிறதா என்று மெனுவில் தேடி இயக்குங்கள். இல்லாவிட்டால் 1/100க்கு இறங்கி, ஆடுபவர் நிலைத்து நிற்கும் கணங்களுக்காகக் காத்திருங்கள். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இந்தப் பட்டைத் தொல்லை மிக மோசம். சபாவில் சத்தம் வரக்கூடாதே என்று அதைப் போட்டவர்கள் பிறகு வருந்தியதுண்டு.

கருப்புத் திரையும் ஏமாற்றும். பின்னணி முழுக்கக் கருப்பாக இருந்தால் ‘இருட்டாக இருக்கிறதே’ என்று கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டும். முகம் வெள்ளையடித்ததுபோல் ஆகிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா தானாக முடிவுசெய்யும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) −1க்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் சரியாகும். மேடை விளக்கு மாறாமல் இருக்கும் பகுதிகளில் நான் விரும்புவது எல்லாவற்றையும் கையால் பூட்டிவிடுவது: எம் மோடு, 1/250, எஃப்/2.8, ஐஎஸ்ஓ 1600. ஒரு படம் எடுத்து முகத்தில் அளவுக்குமீறிய வெளிச்சத்துக்கான எச்சரிக்கை மினுக்குகிறதா என்று பார்த்து, மினுக்கினால் எண்ணைக் கொஞ்சம் குறைப்பது. சிவப்பு விளக்கோ நீல விளக்கோ மட்டும் போட்டிருக்கும்போது, படம் மொத்தத்தில் இருட்டாகத் தெரிந்தாலும் அந்த ஒரு நிறம் நிரம்பி வழிந்திருக்கும்; ஹிஸ்டோகிராமில் (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) மூன்று நிறங்களையும் தனித்தனியாகப் பாருங்கள்.

இருட்டு அரங்கில் கேமராத் திரையை நம்பக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்தது. சுற்றிலும் கருப்பாக இருக்கும்போது எந்தப் படமும் திரையில் பளிச்சென்றுதான் தெரியும். வீட்டுக்கு வந்தபின்தான் அது இரண்டு ஸ்டாப் இருட்டு என்று புரியும். ஹிஸ்டோகிராம் மட்டும்தான் அங்கே உண்மையைச் சொல்லும்.

ஆட்டோ ஐஎஸ்ஓ: வேலியைப் போட்டு விடுங்கள்

விளக்கு அடிக்கடி மாறும் நிகழ்ச்சிகளில் கையால் எண்ணைத் திருப்பிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அப்போது ஆட்டோ ஐஎஸ்ஓ நல்ல துணை. ‘கற்றுக்குட்டிகளுக்கானது’ என்று சிலர் இதை ஒதுக்குவது வெறும் வீம்பு. பத்திரிகைப் புகைப்படக்காரர்களும் பறவைகளைப் படமெடுப்பவர்களும் இதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இரண்டு எல்லைகளை நீங்கள் சொல்லித்தர வேண்டும்: எண் எதுவரை ஏறலாம், ஷட்டர் எதுவரை இறங்கலாம்.

நிக்கானில் ஷூட்டிங் மெனுவுக்குள் ஐஎஸ்ஓ சென்சிடிவிட்டி செட்டிங்ஸ் என்ற பகுதி இருக்கும். அதில் ஆட்டோ ஐஎஸ்ஓ-வை இயக்கி, மேக்சிமம் சென்சிடிவிட்டியை 6400 என்றும் மினிமம் ஷட்டர் ஸ்பீடை 1/250 என்றும் வையுங்கள். அதற்குமுன் சாதாரண ஐஎஸ்ஓ எண்ணை 100க்குக் கொண்டுவந்துவிடுங்கள். நிக்கானில் நீங்கள் கையால் வைத்திருந்த எண்ணிலிருந்துதான் தானியங்கி மேலே ஏறும். சோனியில் ஐஎஸ்ஓ பட்டியலில் ஆட்டோவைத் தேர்ந்தெடுத்து அங்கேயே கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கொடுக்கலாம். ஷட்டருக்கு ஐஎஸ்ஓ ஆட்டோ மினிமம் எஸ்எஸ் என்று தனி அமைப்பு. தொடக்கநிலை கேனான் சிலவற்றில் உச்ச எண்ணை மட்டும்தான் கட்டுப்படுத்த முடியும். அவற்றில் டிவி மோடில் 1/250 வைத்து ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டால் அதே வேலை நடக்கும்.

எனக்குப் பிடித்த கூட்டணி எம் மோடும் ஆட்டோ ஐஎஸ்ஓ-வும். ஷட்டரும் அபெர்ச்சரும் என் கையில். மாறும் வெளிச்சத்துக்கு ஏற்ப எண்ணை மட்டும் கேமரா ஏற்றி இறக்கும். இதிலும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பல கேமராக்களில் வேலை செய்யும். விலை குறைந்த சிலவற்றில் எம் மோடில் அது கிடைக்காது. வாங்கியவுடனே ஒருமுறை சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் கேமராவின் உச்ச எண் எது?

‘எவ்வளவு வரை போகலாம்?’ என்ற கேள்விக்கு அடுத்தவர் சொல்லும் விடை உங்களுக்குப் பொருந்தாது. சென்சார் வேறு, படத்தின் பயன் வேறு, பார்க்கிற கண் வேறு. ஒரு மாலையில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

இரவில் அறையில் ஒரே ஒரு விளக்கை மட்டும் எரியவிடுங்கள். மேசையில் சிறிய எழுத்துள்ள ஒரு டப்பா, ஒரு கருநிறத் துணி, முடிந்தால் ஒரு பட்டுச் சேலையின் கரை ஆகியவற்றை வையுங்கள். கேமராவை ட்ரைபாடிலோ புத்தக அடுக்கின்மேலோ அசையாமல் நிறுத்துங்கள். ஏ மோடு, எஃப்/5.6, இரண்டு நொடி டைமர். ஐஎஸ்ஓ 100இல் தொடங்கி இரட்டிப்பாக்கிக்கொண்டே கேமரா அனுமதிக்கும் உச்சம்வரை ஒவ்வொன்றாக எடுங்கள். அடுத்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளிகள் முதலில் தெரிவது கருந்துணியிலும் நிழலிலும்தான். அடுத்து நிறம் வெளிறும். கடைசியில் எழுத்தின் ஓரங்கள் குலையும். பிறகு அதே படங்களை ஃபோனுக்கு அனுப்பி, ஃபோன் திரையில் பாருங்கள். 100 சதவீதத்தில் பயமுறுத்திய 6400 படம் அங்கே சாதாரணமாக இருக்கும்.

அளவு சிறுக்கும்போது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றாகச் சராசரியாகிவிடுவதே காரணம். ஏ4 அளவில் நேர்த்தியாக அச்சிட ஏறக்குறைய 9 மெகாபிக்சல் போதும். உங்கள் கேமரா 24 மெகாபிக்சல் என்றால் அச்சிலும் பாதிப் புள்ளி மறைந்துவிடும். ஆகவே இரண்டு உச்ச எண்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்: பெரிய ஆல்பத்துக்கு ஒன்று, வாட்ஸாப்பில் அனுப்ப ஒன்று. இன்றைய ஏபிஎஸ்-சி கேமராக்களில் பெரும்பாலானவர்களுக்கு முதலாவது 3200 அல்லது 6400இல் வந்து நிற்கிறது. ஃபுல் ஃபிரேமில் (பிலிம் அளவுக்குப் பெரிய சென்சார்) ஒரு ஸ்டாப் மேலே.

அடிமட்ட எண்ணும் எல்லாக் கேமராக்களிலும் 100 கிடையாது. நிக்கான் டி850இல் அது 64. ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்-டி3இல் 160. அதற்குக் கீழே எல் என்ற எழுத்தோடும், உச்சத்துக்கு மேலே எச் என்ற எழுத்தோடும் சில எண்கள் இருக்கும். எச் என்பது பெரும்பாலும் எடுத்த படத்தை மென்பொருளால் வெளிச்சமாக்குவது மட்டுமே. எல்-இல் வெள்ளைப் பகுதிகள் சீக்கிரம் வெளுத்துப்போகும். இரண்டையும் கைவிட்டால் இழப்பு ஒன்றுமில்லை. பெட்டியின்மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் 51200, 102400 போன்றவற்றைப் பார்த்துக் கேமரா வாங்கவும் வேண்டாம்.

இரவுதான், ஆனாலும் எண் ஏறக்கூடாத இடங்கள்

இரவு என்றால் ஐஎஸ்ஓ-வைக் கூட்ட வேண்டும் என்று மனப்பாடம் செய்தவர்கள் தீபாவளியன்று திணறுவார்கள். வாண வெடி தானே ஒளி விடும் பொருள். ட்ரைபாடில் நிறுத்தி, ஐஎஸ்ஓ 100, எஃப்/8 அல்லது எஃப்/11, ஷட்டரை இரண்டு மூன்று நொடி திறந்துவைத்தால் பூ விரிவது முழுக் கோடுகளாகப் பதியும். முழுநிலவும் அப்படித்தான். அது வெயில் பட்டுக்கொண்டிருக்கும் பாறை. பௌர்ணமி நிலவுக்கு எஃப்/11, ஐஎஸ்ஓ 100, 1/100 நொடி என்பது பழைய கணக்கு. ஐஎஸ்ஓ 3200 வைத்து ஆட்டோவில் எடுத்தால் பள்ளமும் கறையும் காணாமல்போய் வெள்ளை வட்டம் மட்டும் மிஞ்சும். கன்னியாகுமரி சூரிய உதயமோ, விளக்கு எரியும் கோபுரமோ, அசையாத காட்சியும் ட்ரைபாடும் இருந்தால் 100இலேயே இருங்கள். ஷட்டர் எத்தனை நொடி ஆனாலும் கவலையில்லை.

கார்த்திகை தீபத்தன்று அகல் விளக்கொளியில் குழந்தையின் முகத்தை எடுக்க வேண்டுமா? அது மறுபடி மேடைக் கணக்கு: எஃப்/1.8, 1/125, ஐஎஸ்ஓ 1600இலிருந்து 3200க்குள். சுடர் வெளுத்துப்போகும், போகட்டும்; முகம்தான் முக்கியம்.

கல்யாண ரிசப்ஷனில் ஃபிளாஷ் கைவசம் இருக்கும். அதனால் ஐஎஸ்ஓ 100 போதுமே என்று வைத்தால் மணமக்கள் பளிச்சென்றும் பின்னால் மேடை அலங்காரம் முழுக்கக் கருப்பாகவும் வரும். ஃபிளாஷின் ஒளி பக்கத்தில் இருப்பவரைத்தான் எட்டும். பின்னணியை வெளிச்சமாக்குவது மண்டப விளக்குகள். எண்ணை 800க்கு ஏற்றுங்கள், ஷட்டரை 1/100க்கு இறக்குங்கள், ஃபிளாஷைக் கூரை நோக்கித் திருப்புங்கள். சரவிளக்கும் பூவலங்காரமும் படத்துக்குள் வந்துவிடும்; ஃபிளாஷ் பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும்.

எடுத்த பிறகு

ரா கோப்பாக (சென்சார் பதிந்த தகவலை அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுக்கிறவர்கள் புள்ளிகளைப் பிறகு மென்பொருளில் குறைக்கலாம். அடோபி லைட்ரூமில் 2023 ஏப்ரலில் வந்த டீநாய்ஸ் வசதிக்குப் பிறகு நான் ஐஎஸ்ஓ 6400ஐ முன்னைவிடத் துணிந்து வைக்கிறேன். ஜேபெக் மட்டும் எடுப்பவர்களுக்குக் கேமராவே அந்த வேலையைச் செய்துதரும்: மெனுவில் ஹை ஐஎஸ்ஓ நாய்ஸ் ரிடக்ஷன் என்று இருக்கும். அதை ‘ஹை’யில் வைத்தால் புள்ளிகள் போகும், கூடவே ஜரிகையின் இழையும் புருவத்தின் முடியும் போகும். ‘லோ’வோ ‘நார்மலோ’ போதும். இந்த அமைப்பு ரா கோப்பில் பதிந்த தகவலைத் தொடாது. லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன் என்பது வேறு. அது பல நொடி திறந்திருக்கும் படங்களுக்கானது. 30 நொடிப் படம் எடுத்தால் அதன்பின் இன்னொரு 30 நொடி கேமரா உங்களைக் காக்கவைக்கும். வாணவேடிக்கையின்போது அதை அணைத்துவிடுங்கள்.

நிகழ்ச்சி முடிந்து பையில் வைக்குமுன் எண்ணைப் பழையபடி ஆட்டோவுக்கோ 100க்கோ மாற்றிவிடுங்கள். 6400இல் விட்டுவிட்டு மறுநாள் நடுவெயிலில் எடுத்தால், ஷட்டரின் உச்ச வேகம் 1/4000 மட்டுமே உள்ள கேமராவில் பெரிய அபெர்ச்சரில் எடுத்தவை அத்தனையும் வெளுத்துப்போகும்.

வீடியோவுக்கு இந்தக் கட்டுரையின் கணக்கில் ஒரு திருத்தம் தேவை. நொடிக்கு 25 ஃபிரேம் எடுக்கும்போது ஷட்டரை 1/50இல் வைப்பது வழக்கம். நம் மின்சாரத்துக்கும் அது பொருந்துவதால் விளக்கு மினுங்கல் தெரியாது. ஷட்டர் அங்கே நிலைத்துவிட்டதால் வெளிச்சத்தை அபெர்ச்சராலும் ஐஎஸ்ஓ-வாலும்தான் சமாளிக்க வேண்டும். ஆட்டோ ஐஎஸ்ஓ-வை இதில் நான் தவிர்ப்பேன்: ஆடுபவர் கருப்புத் திரைக்கு முன்னாலிருந்து வெள்ளைச் சுவர்ப் பக்கம் போனதும் எண் மாறும், காட்சி நடுவிலேயே மங்கிப் பிறகு தெளியும். ஒத்திகையின்போது மிக வெளிச்சமான விளக்கு விழும் கணத்தில் அளந்து, முகம் வெளுக்காத ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, உருப்படி முடியும்வரை அதைத் தொடாமல் விடுங்கள்.